பல் தேய்த்தால் ஈறில் இரத்தம்: அந்த இடத்தைத் தொடாமல் விடலாமா?

கடைசிபெஞ்ச் எழுதியது:

மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கும் கதை. காலையில் பல் தேய்த்துத் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக வருகிறது. பேஸ்ட்டின் நிறம் என்றுதான் முதலில் நினைத்தேன், என் பேஸ்ட் வெள்ளை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. வலி கிடையாது. கண்ணாடி முன்னால் நின்று உதட்டை இழுத்துப் பார்த்தால், கீழ்வரிசை முன்பற்களுக்கு நடுவே இருக்கும் ஈறு மட்டும் மற்ற இடத்தைவிடச் சிவந்து, ஓரம் தடித்து, பளபளவென்று இருக்கிறது. இடதுபக்கக் கடைவாயிலும் அப்படித்தான்.

பயந்துபோய் அந்த இரண்டு இடத்திலும் பிரஷ் படாமல் ஒதுக்கித் தேய்க்க ஆரம்பித்தேன். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தால் ஆறிவிடும் என்று ஒரு கணக்கு. நடந்தது நேர்மாறு. முன்பு தேய்த்தால்தான் வரும், இப்போது கெட்டியாக எதையாவது கடித்தாலே வருகிறது, போன வாரம் தலையணை உறையில் ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி வேறு. ஈறுக்கென்றே விற்கும் பேஸ்ட் மாற்றியாயிற்று, மவுத்வாஷ் கொப்பளித்தாயிற்று, வைட்டமின் சி மாத்திரையும் ஒரு மாதமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை.

வயது 34, வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை, சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்ததே இல்லை. டாக்டரிடம் போய்ப் பல்லைச் சுத்தம் செய்கிற ஸ்கேலிங் செய்யலாம் என்றால், கூட வேலை பார்க்கிறவர் ஒருவர் "அதை மட்டும் செய்துகொள்ளாதே, பல்லெல்லாம் ஆட ஆரம்பித்துவிடும்" என்று மிரட்டுகிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: தேய்ப்பதை நிறுத்தவா, தொடரவா?

---

நத்தைவேகம்:

நண்பரே, உங்கள் பதிவில் பெயரை மட்டும் மாற்றினால் என் கதை. நானும் இப்படித்தான் "புண்ணைச் சீண்டாதே" என்று விட்டேன். கையில் பட்ட காயத்துக்கு அது சரி, ஈறுக்குச் சரிப்படாது. நான் ஒதுக்கி வைத்த இடம் ஒரு வருடத்தில் வாய்நாற்றம் வரைக்கும் கொண்டுபோய் விட்டது, அதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை, வீட்டில் சொல்லித்தான் தெரிந்தது (அந்த உரையாடலை இங்கே எழுத வேண்டாம்).

ஸ்கேலிங் செய்தபோது டாக்டர் பல்லிலிருந்து பெயர்த்த ஒரு துண்டை எடுத்துப் பஞ்சில் வைத்துக் காட்டினார். மஞ்சளும் பழுப்புமாக, சுண்ணாம்புச் சுவர் பெயர்ந்து விழுந்தது மாதிரி, நகத்தால் அழுத்தினாலும் உடையவில்லை. இது என் வாயிலா இருந்தது என்று ஆகிவிட்டது. கீழ்ப் பற்களுக்குப் பின்னால் வரிசையாக ஒரு மதில் கட்டிக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறேன். அதைத்தான் என் நாக்கு பல் என்று நினைத்துத் தடவிக்கொண்டிருந்தது.

---

வெள்ளைக்கோட்டு:

நான் பல் மருத்துவர், ஈறு நோய்தான் என் துறை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பதைத் தொடருங்கள். தொடர்வது மட்டுமல்ல, இரத்தம் வருகிற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கவே வேண்டும், கை சோர்வதற்கு முன்னால், பொறுமை தீர்வதற்கு முன்னால்.

ஏன் என்றால், அங்கே இருப்பது பிரஷ் கீறிய காயம் அல்ல. பல்லைத் துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் மறுபடி பல்லில் ஒட்ட ஆரம்பிக்கின்றன. அவை சேர்ந்து ஒரு மெல்லிய பிசுபிசுப்பான படலமாகும், பிளாக் என்போம். நாக்கால் தடவினால் சாயங்காலத்தில் பல் லேசாகச் சொரசொரப்பதைக் கவனித்திருப்பீர்கள், அதுதான். இந்தப் படலம் ஈறின் ஓரத்தில் நாள்கணக்கில் கிடந்தால் உடம்பு சும்மா இருக்காது, அந்த இடத்துக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டி வெள்ளையணுக்களை அனுப்பும். இரத்தக் குழாய்கள் விரியும், ஈறின் உள்பக்கத் தோல் மெலிந்து நைந்துபோகும். அந்த நிலையில் பிரஷ் இழை லேசாகப் பட்டாலும் இரத்தம் கசியும். நீங்கள் சொன்ன சிவப்பும் தடிப்பும் பளபளப்பும் இதுதான். நல்ல ஈறு வெளிர் ரோஜா நிறத்தில், பல்லோடு கத்திமுனை போல ஒட்டிக்கொண்டு, பலருக்கு ஆரஞ்சுத் தோலில் இருப்பது மாதிரி நுண்ணிய குழிகளோடு இருக்கும். சிலருக்கு இயல்பாகவே ஈறு கருமையாக இருக்கும், அவர்கள் நிறத்தை வைத்துக் குழம்ப வேண்டாம், ஓரம் தடித்திருக்கிறதா, இரத்தம் கசிகிறதா என்று பார்த்தால் போதும்.

நீங்கள் இரண்டு வாரம் செய்த சோதனையை 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் முறைப்படி செய்து பார்த்திருக்கிறார்கள். ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் தேய்க்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்தார்கள், ஒரு வாரம் பத்து நாளில் ஈறு பழைய நிலைக்கு வந்தது. ஈறு நோய் பற்றிய எங்கள் படிப்பு தொடங்குவதே இந்த ஆய்விலிருந்துதான். நீங்கள் முதல் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் பிரஷ் மட்டும் போதாது என்று நினைக்கிறேன். அகற்றப்படாத படலம் எச்சிலில் இருக்கும் கால்சியத்தை இழுத்துக்கொண்டு கல்லாகிவிடும். காரை என்பது அதுதான். கீழ் முன்பற்களின் உள்பக்கமும் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னத்துப் பக்கமும்தான் இது முதலில் படியும் இடங்கள், காரணம் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. கல்லான பிறகு எந்தப் பேஸ்ட்டாலும் எந்தப் பிரஷ்ஷாலும் அதைப் பெயர்க்க முடியாது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதுப் படலம் வசதியாகக் குடியேறும். அதை எடுப்பதுதான் ஸ்கேலிங்.

பல் ஆடும் என்ற பயத்துக்கு வருகிறேன், வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிற கேள்வி இது. ஸ்கேலிங் கருவி பல்லை அறுப்பதில்லை, முனை அதிர்ந்து காரையை உதிர்க்கிறது, கூடவே தண்ணீர் பீய்ச்சுகிறது. பல்லைப் பிடித்து நிறுத்துவது அதைச் சுற்றியுள்ள எலும்பு. சிலருக்கு அந்த எலும்பு பல வருடமாகக் கரைந்து, பற்களைக் காரைதான் சிமென்ட் பூசிய மாதிரி ஒன்றோடொன்று இணைத்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஏற்கனவே இருந்த ஆட்டம் தெரியவரும். பழி டாக்டர் மேல். இடைவெளி விழுவதும் அப்படித்தான், வீங்கியிருந்த ஈறு வற்றியதும் அதுவரை மூடியிருந்த சந்து வெளியே தெரிகிறது. சில நாள் குளிர்ச்சி பட்டால் கூசும், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

---

கடைசிபெஞ்ச்:

டாக்டர், மிக்க நன்றி. ஒரு சந்தேகம். மவுத்வாஷ் ஒரு மாதம் விடாமல் கொப்பளித்தேனே, கிருமியைக் கொல்லும் என்றுதானே போட்டிருக்கிறது? அப்புறம் எப்படித் தேய்க்க வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். 34 வயதில் இதைக் கேட்பது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

---

வெள்ளைக்கோட்டு:

கூச்சப்பட வேண்டாம், என் நாற்காலியில் உட்காருகிறவர்களில் சரியாகத் தேய்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பாத்திரத்தில் காய்ந்து ஒட்டியதைத் தண்ணீர் ஊற்றி ஆட்டினால் போகுமா? தேய்த்தால்தான் போகும். படலத்தின் மேலே இருக்கும் கிருமிகள் மவுத்வாஷில் சாகலாம், அடியில் இருப்பவை பிசினுக்குள் பத்திரமாக இருக்கும், ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்துக்குள் அது போவதும் இல்லை. குளோர்ஹெக்சிடின் உள்ள மவுத்வாஷ் நல்ல மருந்துதான், ஸ்கேலிங்கோ அறுவையோ செய்த பிறகு ஒரு வாரம் இரண்டு வாரத்துக்கு நாங்களே எழுதிக் கொடுப்போம். மாதக்கணக்கில் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும். இன்னொன்று, பேஸ்ட் போட்டுத் தேய்த்த கையோடு அதைக் கொப்பளித்தால் பேஸ்ட்டில் நுரை வரச் சேர்க்கும் பொருள் அதன் வீரியத்தைக் குறைத்துவிடும், அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். உப்புநீர் கொப்பளித்தால் இதமாக இருக்கும், செய்யுங்கள், தப்பில்லை. படலத்தை அதுவும் எடுக்காது.

தேய்க்கும் முறை: மென்மையான இழை உள்ள பிரஷ். அதைச் சுத்தியல் பிடிப்பது மாதிரி முஷ்டியில் பிடிக்காமல் பேனா பிடிப்பது மாதிரி விரலில் பிடியுங்கள், அழுத்தம் தானாகக் குறையும். இழைகள் பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி, ஈறை நோக்கி 45 டிகிரி சாய்த்து வையுங்கள். வைத்த இடத்திலேயே நின்று சின்னச் சின்ன அசைவு, பிரஷ் நகரக் கூடாது, இழை முனைகள் மட்டும் ஈறோரப் பள்ளத்துக்குள் துழாவ வேண்டும். பத்துப் பதினைந்து அசைவுக்குப் பிறகு அடுத்த இரண்டு பற்கள். கீழ் முன்பற்களின் உள்பக்கத்துக்கு பிரஷ்ஷைச் செங்குத்தாகத் திருப்பி அதன் முன்முனையால் தேய்க்க வேண்டும், உங்கள் மதில் அங்கேதான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். இரண்டு நிமிடம், காலை ஒரு தடவை, படுக்கப் போகும் முன் ஒரு தடவை. ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இரவில் செய்யுங்கள், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும்.

பல்லிடுக்குக்குள் எந்த பிரஷ்ஷும் போகாது. நெருக்கமான பற்கள் என்றால் ஃபிளாஸ் நூல், இடைவெளி இருந்தால் குட்டி இடைப்பல் பிரஷ். நூலைப் படக்கென்று உள்ளே இறக்கி ஈறை வெட்டிக்கொள்ளாதீர்கள், ரம்பம் மாதிரி மெதுவாக ஆட்டி இறக்கி, ஒரு பல்லை அணைத்து மேலும் கீழும், அப்புறம் பக்கத்துப் பல்லை அணைத்து அதே மாதிரி. முதல் சில நாள் நன்றாகவே இரத்தம் வரும். அந்த நாளில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

---

நெருப்பில்லாப்புகை:

இங்கே யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு 20 வருடம் ஈறில் ஒரு சொட்டு இரத்தம் வந்ததில்லை, என் ஈறு இரும்பு என்று பெருமையடித்துத் திரிந்தவன் நான். சிகரெட்டை விட்ட சில வாரத்தில் பல் தேய்த்தால் இரத்தம். புகையை விட்டதால்தான் இப்படி, பேசாமல் திரும்பப் பிடிக்கலாமா என்றுகூட யோசித்தேன், அவ்வளவு புத்திசாலி.

போய்க் காட்டியபோதுதான் தெரிந்தது, நிகோடின் ஈறின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்குமாம், அழற்சி இருந்தாலும் வெளியே தெரியாதாம். எச்சரிக்கை மணியின் வாயில் துணியை அடைத்து வைத்திருந்திருக்கிறேன். எக்ஸ்ரேயில் பின்பற்களைச் சுற்றி எலும்பு பாதியாக இறங்கியிருந்தது, இரண்டு பல் போயிற்று. ஆகவே புகைப்பவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டு "எனக்குத்தான் இரத்தமே வரவில்லையே" என்று நிம்மதியாகப் போகாதீர்கள்.

---

வெள்ளைக்கோட்டு:

சரியாகச் சொன்னீர்கள். ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டம் முழுசாகத் திரும்பிவிடும். எலும்பு கரைந்தால் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். இரண்டில் எது என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது, கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறோரப் பள்ளத்தில் விட்டு மில்லிமீட்டரில் அளக்க வேண்டும், ஒரு பல்லுக்கு ஆறு இடம். 3 வரைக்கும் கவலை இல்லை. 4-க்கு மேல் போய் இரத்தமும் வந்தால் கவனிக்க வேண்டும்.

---

மழைக்குருவி:

எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. போன மாதத்திலிருந்து ஈறில் இரத்தம், இரண்டு பல்லுக்கு நடுவே சின்ன உருண்டையாக ஒன்று சிவப்பாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம், குழந்தை பிறக்கட்டும் என்கிறார்கள் வீட்டில். ஸ்கேலிங் செய்தால் குழந்தைக்கு ஆகாதா?

---

வெள்ளைக்கோட்டு:

சகஜம்தான் அம்மா, அதற்காக விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஹார்மோன் ஏறுவதால் அதே அளவு படலத்துக்கு ஈறு பல மடங்கு கோபப்படுகிறது, அதனால் படலத்தைக் குறைத்தால் கோபமும் குறையும். ஸ்கேலிங் தாராளமாகச் செய்துகொள்ளலாம், நீங்கள் இருக்கும் நடு மூன்று மாதம் நாற்காலியில் சாய்ந்து படுக்கவும் வசதியான காலம். கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்து, எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் அவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். அந்த உருண்டை பெரும்பாலும் புற்று கிற்று அல்ல, பிரசவத்துக்குப் பிறகு சுருங்கிவிடும், ஆனாலும் நேரில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். வாந்தி எடுத்தால் உடனே பிரஷ்ஷை எடுக்காதீர்கள், அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். தண்ணீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

---

பழையபுத்தகம்:

வைட்டமின் சி பற்றி ஒரு வார்த்தை, எனக்குச் சரித்திரக் கிறுக்கு உண்டு. வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி என்ற நோய் வந்த மாலுமிகளுக்கு ஈறு பொங்கி இரத்தம் கொட்டும், பல் விழும், பழைய காயங்களே திரும்பப் பிளக்கும். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் சாலிஸ்பரி என்ற கப்பலில் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு ஜோடிக்கும் ஆறு விதமான வைத்தியம் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சட்டென்று எழுந்தார்கள். திசுக்களைக் கட்டி நிறுத்தும் கொலாஜனைச் செய்ய உடம்புக்கு வைட்டமின் சி வேண்டும் என்பது பிற்பாடு தெரிந்த விஷயம். இந்தக் கதையின் நிழல்தான் இன்றைக்கும் ஈறில் இரத்தம் என்றதும் எல்லோரும் சி மாத்திரையை நீட்டுவது. கேள்வி கேட்ட நண்பர் மாதக்கணக்கில் கடலில் இல்லையே. குறைபாடே இல்லாதவருக்கு மாத்திரை காரையைக் கரைக்கப் போவதில்லை.

---

இரண்டாம்ஷிப்ட்:

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், டாக்டர் இல்லை. பெரும்பாலும் படலம்தான் காரணம் என்பது சரி, ஆனால் எல்லா இரத்தமும் பல்லோடு முடிவதில்லை. பல் தேய்க்காமலே தானாகக் கசிகிறது, பத்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, அடிபடாமலே உடம்பில் ஊதா நிறக் கன்றல், காலில் ஊசி குத்திய மாதிரி சிவப்புப் புள்ளிகள், மூக்கிலும் இரத்தம், காய்ச்சல், விடாத அசதி, எடை குறைவு, இதில் ஏதாவது கூட இருந்தால் பல் மருத்துவரிடம் நேரம் வாங்கிக் காத்திருக்காமல் பொது மருத்துவரைப் பார்த்துத் தட்டணுக்கள் உட்பட முழு இரத்த எண்ணிக்கை எடுங்கள். ஈறில் இரத்தம் என்று வந்து இரத்தப் புற்று தெரிந்ததும் உண்டு, டெங்குக் காய்ச்சலில் இது அபாய அறிகுறி. பயமுறுத்த எழுதவில்லை, அபூர்வம்தான்.

சர்க்கரையும் பாருங்கள் நண்பரே, மூன்று மாதச் சராசரி காட்டும் பரிசோதனை ஒன்று போதும். சர்க்கரை கட்டுக்கு மீறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும்.

---

வெள்ளைக்கோட்டு:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரத்தம் அதிகமாக வரும். ஸ்கேலிங்குக்காக அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்கு வரும் ஆபத்து ஈறில் வரும் இரத்தத்தைவிடப் பெரியது. சொல்லிவிட்டு வாருங்கள், நாங்கள் சமாளித்துக்கொள்வோம். வலிப்புக்கான ஃபெனிடோயின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈறையே வளரச் செய்யும், அதையும் மருந்து எழுதியவரோடு பேசித்தான் மாற்ற வேண்டும்.

---

கடைசிபெஞ்ச் (ஏழு வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஸ்கேலிங் முடிந்தது. டாக்டர் பந்தயம் கட்டிய இடத்தில்தான் மதில் இருந்தது. எனக்கு ஸ்கேலிங் செய்தவர் கம்பியை விட்டு "3, 2, 3" என்று எண்களைச் சொல்ல, பக்கத்தில் இருந்த பெண் எழுதிக்கொண்டே வந்தார், நானும் மனசுக்குள் கூடவே எண்ணிக்கொண்டிருந்தேன். இடதுபக்கக் கடைவாய் வந்ததும் "5" என்றார். தேர்வு முடிவு கேட்ட மாதிரி வயிற்றைக் கலக்கியது.

முதல் வாரம் ஃபிளாஸ் போட்டால் நூலே சிவந்தது, விட்டுவிடலாம் என்று இரண்டு தடவை தோன்றியது, இந்தத் திரியைத் திறந்து படித்துவிட்டுத் தொடர்ந்தேன். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சரியாக நினைவில்லை, நுரை வெள்ளையாக வந்தது. முன்பற்களுக்கு நடுவே இப்போது நாக்கு நுனி உணரும்படி சந்து இருக்கிறது, பல் எதுவும் ஆடவில்லை, கூச்சம் நாலைந்து நாளில் போய்விட்டது. சர்க்கரை பார்த்தேன், இல்லை. ஆனால் அந்த 5 சொன்ன இடத்தில் இன்னும் வாரத்துக்கு ஒரு தடவையாவது லேசாக இரத்தம் வருகிறது. நான் சரியாகத் தேய்க்கவில்லையா?

---

வெள்ளைக்கோட்டு:

மற்ற எல்லா இடத்திலும் நின்றிருக்கிறது என்றால் உங்கள் கையில் குறை இல்லை. 5 மில்லிமீட்டர் பள்ளத்தின் அடிவரைக்கும் எந்த பிரஷ்ஷும் எட்டாது. அந்த ஒரு இடத்தை மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். செய்தவரிடமே திரும்பப் போய் அந்த இடத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், வேருக்கு நடுவில் எலும்பு எப்படி இருக்கிறது என்று ஒரு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். வேரைச் சுத்தம் செய்து இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப அளந்து, 4-க்குக் கீழே வந்துவிட்டால் அறுவை எதுவும் வேண்டாம். அதுவரை அங்கே நூலுக்குப் பதிலாக இடைப்பல் பிரஷ் போட்டுப் பாருங்கள், நுழையும்போது லேசாக இறுக்கம் தெரிகிற அளவு.

---

நத்தைவேகம்:

அந்தத் துண்டைப் பஞ்சில் வைத்துக் காட்டினார்களா?

---

கடைசிபெஞ்ச்:

காட்டினார்கள். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.